குறும்படத்துக்கு இரண்டு கெடுத் தேதி வையுங்கள்: ஊடகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊடகவியல் துறை ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் ஒரு படத்தொகுப்பாளர். ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் மாணவர்கள் ஹார்டு டிஸ்க்கோடு என்னிடம் வருவார்கள். "எப்படியாவது சேர்த்துக் குடுங்கக்கா, நாளைக்கு சப்மிஷன்" என்பார்கள். தூக்கமில்லாத முகங்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போன பருவத்தில் வந்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து பேர், ஏழு நிமிடப் படம். ஓர் அறையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். படத்தின் உயிரே அந்தப் பேச்சுதான். கதை நன்றாக இருந்தது. நடித்த இருவரும் மனசைத் தொட்டார்கள். ஆனால் குளோசப்புகளை டைம்லைனில் அடுத்தடுத்து வைத்ததும் இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். மகள் அப்பாவிடம் பேசுவதாகவே தோன்றவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஆள் ஒருவரிடம் முறையிடுவது போல் இருந்தது. அப்பாவின் குளோசப் எடுப்பதற்குள் ஜன்னல் வெளிச்சம் மாறிவிட்டதாம். அதனால் கேமராவைத் தூக்கி, இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள். மகளின் வசனம் முழுக்க ஃபேன் இரைச்சல். அப்பாவின் ஷாட்டில் யாரோ ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் சத்தம் அறுந்து அறுந்து வந்தது.

"180 டிகிரி விதி படிச்சீங்கதானே?" என்று கேட்டேன். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிற விதிதான் அது.

"எழுதியே இருக்கோம்க்கா. இன்டர்னல்ல அஞ்சு மார்க் கேள்வி" என்றாள் இயக்கிய பெண். முழு மார்க்காம்.

அவள் சொன்னது உண்மை. விதி அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த விதி உடைவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்த மறுகணமே எங்கே கேமரா வைத்திருக்க வேண்டும், எந்த ஷாட்டை முதலில் எடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்காமலே அடுக்கினாள். அரை மணி நேரத்தில் அவளால் அந்தக் காட்சிக்குத் திருத்தமான ஷாட் டிவிஷன், அதாவது காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்த பட்டியல், போட முடிந்தது. அதை எடுக்க ஒரு நாள் இருக்கவில்லை.

நான் கேட்பது இந்த ஒரு நாளைத்தான். படம் எடுப்பதற்கான திட்டமிடல், எடிட்டிங்கில் ஒரு முறை அடிபட்ட பிறகுதான் மாணவர்களுக்குப் புரிகிறது. இன்றைய கால அட்டவணையில் அந்த அடியும் கெடுத் தேதியும் ஒரே நாளில் வந்து விழுகின்றன.

முதலில், ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வதற்கு முன்பே ஒரு நிமிடப் படம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பருவம் தொடங்கி மூன்றாவது வாரம் போதும். ஓர் அறை, இரண்டு பேர், ஒரு பொருள் கைமாறுகிறது, எட்டு ஷாட். போனில் எடுக்கட்டும். மார்க் வேண்டாம். ஆனால் கண்டிப்பாக எடிட் செய்து, வகுப்பில் எல்லோர் முன்னாலும் திரையிட வேண்டும். நடிகர்கள் பார்க்கிற திசை பொருந்தாமல் இடிப்பதையும், வலது கையில் இருந்த டம்ளர் இடது கைக்குப் போயிருப்பதையும், கதவைத் திறக்கும் ஷாட்டுக்கும் உள்ளே வரும் ஷாட்டுக்கும் நடுவில் கட் பண்ண இடமே இல்லாததையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஷாட் டிவிஷன் கேட்டால் வருகிற காகிதமே வேறாக இருக்கும்.

அடுத்து, ரஃப் கட்டுக்கு, அதாவது முதல் கச்சாத் தொகுப்புக்கு, ஒரு கெடு வையுங்கள். கடைசித் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக. சினிமாவில் எடிட்டர் பார்த்துவிட்டுக் குறை சொன்னால் பேட்ச் ஒர்க் என்று தனியாக ஒரு நாள், இரண்டு நாள் போய் எடுத்து வருவார்கள். இத்தனை வருட அனுபவம் உள்ளவர்களுக்கே பேட்ச் ஒர்க் தேவைப்படுகிறது. முதல் படம் எடுக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாள் கணக்கு போடுவதையும் கொஞ்சம் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐந்து பக்கம் எழுதினால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு நாற்பது ஷாட் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேமரா நகர்த்தி, வெளிச்சம் பார்த்து, ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று டேக் எடுக்க இருபது நிமிடம் என்றாலே 800 நிமிடம். பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். சாப்பாடு, லொகேஷன் மாறுவது, சார்ஜ் இறங்கிய பேட்டரி எதுவும் இதில் சேரவில்லை. இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் ஒரு முறை போட்டுக் காட்டினால், பாதிப் பேர் அங்கேயே ஸ்கிரிப்டிலிருந்து இரண்டு லொகேஷனை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகு கதை பெரும்பாலும் நன்றாகவே ஆகும். லொகேஷன் பார்க்கப் போகும்போது, எடுக்கப்போகும் அதே நேரத்தில் போகச் சொல்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, பக்கத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் வேறு நேரத்தில் போனால் தெரியாது.

"இப்போது எல்லாம் டிஜிட்டல், எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாமே" என்று சிலர் கேட்பீர்கள். அதுவே பிரச்சினையாகவும் இருக்கிறது. 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். அந்த பயமே ஆட்களை ஒத்திகை பார்க்க வைத்தது. 1919-இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில் பிலிம் கிடைப்பதே அரிது. அங்கே பாடம் எடுத்த இயக்குநர் லெவ் குலெஷோவ் தன் மாணவர்களை வைத்து பிலிமே இல்லாத படங்களைச் செய்து பார்த்தார். காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்தார்கள். பற்றாக்குறை அவர்களுக்குத் திட்டமிடலைக் கற்றுக்கொடுத்தது. மெமரி கார்டு அதைச் செய்யாது. அந்த எல்லையை நீங்கள்தான் வகுத்துத் தர வேண்டும்: மொத்தம் முப்பது ஷாட், ஷாட்டுக்கு மூன்று டேக் என்று. என்னிடம் ஆறு மணி நேர ஃபுட்டேஜ் கொண்டுவந்த குழுவிடம்கூட, கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவின் ரியாக்‌ஷன் ஷாட் ஒன்று இருந்ததில்லை.

ஒலி பற்றி நிறையச் சொல்ல ஆசை. அடக்கிக்கொள்கிறேன். குழுவில் வேலை பிரிக்கும்போது இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் போன பிறகு மிஞ்சி நிற்கிற பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் இருட்டாக இருக்கிற படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காத படத்தை இரண்டு நிமிடம் பார்க்க மாட்டார்கள். ஒலிக்கென்று தனி மார்க் வையுங்கள். ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் அசையாமல், பேசாமல் முப்பது விநாடி ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தத்தை, பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். அந்த முப்பது விநாடி கையில் இருந்திருந்தால் அப்பா மகள் காட்சியில் பாதியையாவது நான் ஒட்டிக் கொடுத்திருப்பேன்.

இசை விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். என்.டி. (நோ டெரிவேட்டிவ்ஸ், தழுவல் கூடாது) என்ற எழுத்துகள் சேர்ந்த உரிமம் இருந்தால், அந்தப் பாட்டைக் காட்சியோடு இணைத்து ஓடவிடுவதே தழுவலாகக் கணக்காகும். அதற்கு அனுமதி கிடையாது. வகுப்பில் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். விழாக்களுக்கு அனுப்பும்போது கண்ணீர் விட வேண்டியிருக்காது.

இன்னொன்று. பல இடங்களில் "படம் குறைந்தது பத்து நிமிடம்" என்று விதி இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆஸ்கர் விருது தரும் அகாடமிகூடக் குறும்படம் என்பதற்கு, டைட்டில்கள் உட்பட 40 நிமிடத்துக்குள் என்று மேல் எல்லையைத்தான் சொல்கிறது. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மூன்று நிமிடக் கதையைப் பத்தாக இழுக்க, மாணவர்கள் நடக்கிற காலையும் ஓடுகிற மேகத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதை வெட்டாதே என்று என்னிடம் கெஞ்சுகிறார்கள்.

கடைசியாக, ப்ரொடக்‌ஷன் ஃபைல், படத்தோடு ஒப்படைக்கிற திட்டக் கோப்பு. உங்களுக்கும் தெரியும், எடுப்பதற்கு முன்பே ஷாட்டுகளை வரைந்து வைக்க வேண்டிய ஸ்டோரிபோர்டுகள் பெரும்பாலும் முடிந்த படத்தைப் பார்த்து வரையப்படுகின்றன. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. படமும் திட்டமும் அச்சாகப் பொருந்தியிருந்தால்தான் மார்க் என்று நாம் பழக்கிவிட்டோம். தேதி போட்ட முதல் திட்டத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எது மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். "வெளிச்சம் போய்விட்டதால் 14-ஆம் ஷாட்டை விட்டோம், எடிட்டில் அது இல்லாமல் காட்சி நிற்கவில்லை, திரும்ப எடுத்தோம்" என்று ஒரு மாணவி எழுதினால், முழு மார்க்கும் அந்த வரிக்குக் கொடுங்கள்.

அடுத்த பருவத்தில் எந்தத் துறையாவது ரஃப் கட்டுக்கு ஒரு நாள் குறித்தால் சொல்லி அனுப்புங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம், நாள் முழுக்க வந்து ஒவ்வொரு குழுவோடும் உட்காருகிறேன். அந்த ஏழு நிமிடப் படத்தை இயக்கிய பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ஒரு படத்தொகுப்பாளர்