நாவலோடு அதன் காலத்தையும் நடத்த இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இளங்கலைப் பாடத்திட்டத்தைத் தாங்கள் திருத்தவிருக்கும் இவ்வேளையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை நெடுங்காலமாக வகுப்பில் நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். நாவல் தாளில் இன்று கேட்கப்படுபவை பெரும்பாலும் கதைச் சுருக்கமும் பாத்திரப் படைப்பும்தான். அவற்றைக் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தே எழுதிவிடலாம். கதைமாந்தர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது மட்டும் மாணவர்களுக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை.

1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். மனநோயாளியான மனைவியை மாடியறையில் பூட்டிவைப்பதற்குப் பதிலாகக் கதைநாயகன் ரோசெஸ்டர் விவாகரத்து பெற்றிருக்கலாமே என்று மாணவிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மறுமண உரிமையோடு மணவிலக்கு பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. தீராத மனநோய் அதற்குரிய காரணமாக ஏற்கப்பட்டதோ 1937இல்தான். அந்தத் திருமணம் நடந்த விதத்தையும் பாருங்கள். சொத்து சிதறக்கூடாது என்று தந்தை முழுவதையும் மூத்த மகனுக்கே விட்டுவிட, இளையவரான ரோசெஸ்டருக்கு ஜமைக்காவில் ஒரு தோட்ட முதலாளியின் மகளைப் பேசி முடிக்கிறார்கள். அந்த மனைவி பெர்த்தா கொண்டுவரும் சீதனம் 30,000 பவுண்டு. பின்னாளில் ரோசெஸ்டரின் வீட்டுக்குக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வரும் கதைநாயகி ஜேனின் ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. தனி ஏற்பாடு ஏதும் செய்யப்படாவிட்டால் மனைவியின் பணம் கணவனையே சேரும் என்ற நிலையை 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் மாற்றியது. ஜமைக்காத் தோட்டச் செல்வமோ அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு படிக்கும் மாணவிக்குப் பெர்த்தா வெறும் பைத்தியக்காரியாகத் தோன்றமாட்டாள். சீர்வரிசைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமும் அல்ல.

'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலும் அப்படித்தான். ஏழைகள் விடுதியில் மூன்று வேளையும் நீர்த்த கஞ்சி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி என்று டிக்கன்ஸ் எழுதியதன் குறி, மிகக் கீழ்நிலைக் கூலித் தொழிலாளியின் வாழ்வைவிட விடுதி வாழ்வு மோசமாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையோடு வந்த 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம். அச்சட்டத்தைச் சொல்லாமல் நடத்தினால், பசித்த சிறுவனின் சோகக் கதை மட்டுமே எஞ்சும்.

பாடச்சுமை கூடும் என்ற தயக்கம் எழலாம். எனவே பருவத்துக்கு ஒரு நாவலைக் குறைத்துவிட்டு, எஞ்சியவை ஒவ்வொன்றோடும் அக்காலச் சட்டப் பகுதி, நாளிதழ்ச் செய்தி, ஆணைய அறிக்கை போன்றவற்றிலிருந்து சில பக்கங்களைச் சேருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த வகுப்புகளில் இந்தப் பின்னணியைத் தமிழில் விளக்கவும் வெளிப்படையாக அனுமதி தாருங்கள். அந்தப் பக்கங்களை நாவலோடு பொருத்திப் பார்க்கச் சொல்லும் கட்டாய வினா ஒன்று இல்லாவிட்டால் வகுப்பில் எவரும் அவற்றைத் திறக்கமாட்டார்கள் என்பதால், வினாத்தாள் அமைப்பையும் இத்திருத்தத்தோடு சேர்த்தே மாற்றுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவர்