வெளியே உட்கார்ந்திருக்கிறேன்

அன்புள்ள சுதா,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. எழுதும்படி வேறு செய்தி இல்லை.

போன மாதம் பேசும்போது, மனச்சோர்வுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாம், டாக்டர் யோசிக்கச் சொன்னார் என்றாய். பதிலுக்கு நான், "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். நீ "ம்" என்றாய். அதன் பிறகு நீயாகக் கூப்பிடவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? நீயாக எதையும் நிறுத்திவிடாதே.

அந்த மருந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எஸ்கெட்டமின் என்கிறார்கள். அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குப் பல காலமாகக் கொடுக்கும் கெட்டமினிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அனுமதித்தார்கள். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். இது சிலருக்குச் சில மணி நேரத்திலேயே மனத்தின் பாரத்தைக் குறைக்கிறதாம். எல்லோருக்கும் கேட்கும் என்றில்லை. இரண்டு மருந்துகளாவது கொடுத்துப் பார்த்தும் பலனில்லாதவர்களுக்குத்தான் இதைப் பெரும்பாலும் யோசிக்கிறார்கள் என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு நீ சொன்னது ஒரு மாத்திரையைப் பற்றித்தான். இரண்டாவதை எப்போது தொடங்கினாய்? அதுவும் கேட்கவில்லை என்று தெரிந்த அன்று யாரிடம் சொன்னாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு ஒரே பயம், ஷாக் வைத்துவிடுவார்களோ என்று. அதையும் இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், வலி தெரியாது என்று சொன்னேன். காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையும் இருக்கிறது, அதற்கு மயக்கமே வேண்டாம், விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் தூங்கவில்லை.

நீ தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தவள். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை. இதை உன்னிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

முரளியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். பேசினால் உனக்குப் புண் கிளறும் என்று நினைத்தேன். மனவடுவுக்கான சிகிச்சையோ நேர்மாறாக இருக்கிறது. ஆலோசகரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்ந்தபடியே அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லும் முறை ஒன்று; உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே அதைப் பரிந்துரைத்திருக்கிறது. நடந்ததை மறக்கவைப்பதில்லை, நினைத்தாலும் உடம்பு நடுங்காதபடி செய்வதுதான் நோக்கமாம். நான் உன் வாயை அடைத்தேன். வண்டியில் அவன் பக்கத்தில் இருந்தவள் நீ. உனக்குத்தான் பேச வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று நீ சிரித்துப் பேச ஆரம்பித்து மூன்றாவது மாதம். "இனி எதற்கு மாத்திரை? உனக்கு ஒன்றுமில்லை" என்று உன் கையிலிருந்த அட்டையை நான் வாங்கிக்கொண்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. நான்கு குழி காலி, ஆறில் மாத்திரை. இன்றும் என் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று இப்போதுதான் படித்தேன். உனக்குத் திரும்ப வந்தது. நீ மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அப்போதும் உன்னைத்தான் கடிந்துகொண்டேன். தப்பு என்னுடையது, சுதா. இரண்டாவது மாத்திரையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று மேலே கேட்டிருக்கிறேன். பதில் எனக்கே தெரியும்.

மாத்திரையை நீயாக நிறுத்தாதே. நான் சொன்னாலும் நிறுத்தாதே.

அந்த மூக்கு மருந்தை மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும், பிறகு இரண்டு மணி நேரமாவது அங்கேயே இருந்தாக வேண்டும் என்று போட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறலாம், உடம்பு தன்னுடையதல்ல என்பதுபோல் தோன்றலாம். மறுநாள் தூங்கி எழும்வரை வண்டி ஓட்டக் கூடாது. உன்னை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள்? நான் வரட்டுமா? உள்ளே வரமாட்டேன், டாக்டரிடம் எதுவும் கேட்கமாட்டேன். வெளியே உட்கார்ந்திருக்கிறேன். தேதியை மட்டும் எழுது.

அப்பா