தடமில்லா மலைக்கு மைல் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தை ஒட்டிய வெளியில் செல்லும் நடைவழியான ‘சியரா ஹை ரூட்’ பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதே மலைத்தொடரில் உள்ள ஜான் மியூர் பாதையை முடித்தவர்கள் நாளுக்கு 25 கி.மீ. வீதம் நடந்து இதையும் 12, 13 நாளில் முடித்துவிடலாம் என்கிறது கட்டுரை. தஞ்சை, குடந்தை, மாயவரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலையில் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை நம்பி அவர்கள் கிளம்பினால் பாதி வழியில் சாப்பாடு தீர்ந்துவிடும்.

இந்த வழி, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவிலிருந்து வடக்கே ட்வின் லேக்ஸ் வரை சுமார் 310 கி.மீ. பெரும்பகுதி 9,000 முதல் 11,500 அடி உயரம். முப்பதுக்கும் மேற்பட்ட கணவாய்கள். ஜான் மியூர் பாதை, சுமை தூக்கும் கோவேறு கழுதைகளும் போகிற மாதிரி வெட்டிச் சீர்செய்த தடம். சியரா ஹை ரூட்டில் பல இடங்களில் தடமே கிடையாது. தடத்தில் மணிக்கு 3, 4 கி.மீ. நடக்கிறவர் பாறைகள் குவிந்த சரிவில் ஒன்றரை கி.மீ. போனாலே அதிகம். ஆகவே ஒரு நாள் நடையை மணிக்கணக்கில்தான் கணக்கிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 10 முதல் 15 கி.மீ. என்று வைத்தால், மொத்தம் மூன்று வாரத்துக்குக் குறையாது.

உணவு விஷயம் இதோடு பின்னியது. கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும் என்பது அங்கே பல பகுதிகளில் கட்டாயம். பற்பசை, சோப்பு, தைலம்கூட அதற்குள்தான். நாளுக்கு 700 கிராம் என்றால் பெரிய டப்பாவிலும் ஆறேழு நாளுக்கு மேல் அடங்காது. சாலை எட்டும் முதல் இடமான ரெட்ஸ் மெடோ பாதி வழிக்கும் அப்பால் இருக்கிறது. அதனால் அதற்கு முன்பே வரும் டியூசி படுகையிலிருந்து பிஷப் கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கி உணவு நிரப்பிக்கொண்டு திரும்புவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அரிசி, பருப்பு வேண்டாம். 11,000 அடியில் தண்ணீர் 90 பாகை செல்சியசுக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, எரிவாயுதான் வீணாகும். ஊறினாலே சாப்பிடக்கூடிய கெட்டி அவல், அதில் பிசையப் புளிக்காய்ச்சல், சத்துமாவு, கடலைமிட்டாய் போதும்.

உயரத்துக்கு உடலைப் பழக்க நம் ஊரில் வழியில்லை. தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். அந்தப் பயணத்தின் பெரும்பகுதி அதற்கும் மேலே. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே நிற்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்கிவிட வேண்டும்.

வரைபடத்தைப் பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். அங்குள்ள 1:24,000 வரைபடங்களில் சமஉயரக் கோடுகளுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடையே 40 அடி வித்தியாசம். 30 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடையாளமே இல்லாமல் மறைந்திருக்கும். மேலிருந்து இறங்கும்போது அது கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எதிர்ச்சரிவில் நிற்கும்போதே இறங்கப்போகும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் இறக்கிய வழிக்கோடு நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் கால் வைக்க முடியுமா என்று காட்டாது. திசைகாட்டியிலும் கவனம் வேண்டும். காந்த முள் உண்மையான வடக்கிலிருந்து விலகி நிற்பதைக் காந்த விலக்கம் என்பார்கள். டெல்டாவில் அது ஒன்றிரண்டு பாகைதான், கவனிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. சியராவில் அது கிழக்கே ஏறத்தாழ 12 பாகை. திருத்தாமல் ஒரு கி.மீ. நடந்தால் 200 மீட்டர் விலகி, வேறு கணவாயின் அடியில் போய் நிற்போம்.

பாறைச் சரிவில் வீட்டளவு கல்லும் அசையும். பாசி படர்ந்த கல் பெரும்பாலும் நெடுநாளாக அசையாதது. முறிவு புதிதாக, வெளுப்பாகத் தெரிந்தால் நம்பக் கூடாது. மழையில் அந்தப் பாசியே வழுக்கும். ஊன்றுகோலின் மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட வேண்டும், கோல் இடுக்கில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் ஏறவே கூடாது. பனி உருகி வரும் ஓடைகள் மாலையில்தான் பெருகும். அவற்றைக் காலையில் கடக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அங்கே பல இடங்களில் கைபேசி எடுக்காது. பிள்ளைகள் செயற்கைக்கோள் செய்திக் கருவி எடுத்துப் போகட்டும். ஆனால் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவர வேண்டாம், இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருந்தால் வழக்கு ஆகும். நாள்வாரி வழித்திட்டம், எந்தத் தேதி தாண்டினால் யாரை அழைப்பது என்ற விவரம், பூங்கா அலுவலகத்தின் எண், அந்த மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் எண், எல்லாம் எழுதிய தாள் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கோடையில் அவர்கள் நேரம் நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். புயலுக்கு ஒரு நாள் ஒதுங்கினாலும் செய்தி தாமதமாகும் என்பதால், அந்தத் தேதியை இரண்டு நாள் தள்ளியே குறிக்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவையாறு