பையன் தயாரா? அக்கா மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல் நீ அனுப்பிய ஏழு மெசேஜையும் காலையில் காபி குடித்துக்கொண்டே படித்தேன். ஏழிலும் ஒரே விஷயம்தான். அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏவில் வெளுத்து வாங்குகிற பையனை, நம்ம பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஏன் இன்னும் மேஜர் லீகுக்குக் கூப்பிடவில்லை? கடைசி மெசேஜில் கோபத்தில் எழுத்துப்பிழை வேறு. போனில் பேசலாம்தான். ஆனால் பேஸ்பால் என்று வந்துவிட்டால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால்தான் கடிதம். உன்னைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதலில் 2024 மார்ச்சை ஞாபகப்படுத்துகிறேன். ஜாக்சன் ஹாலிடேயை நார்ஃபோக்கில் உள்ள ஓரியோல்ஸின் டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பியபோது உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அணிகள் முறைபோட்டுப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற டிராஃப்டில் 2022-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவன், அப்பா மேட் ஹாலிடே மேஜர் லீகில் ஆடிப் பேர் வாங்கியவர், 2023 ஒரே வருஷத்தில் மைனர் லீகில் நான்கு படி ஏறியவன், இன்னும் என்ன பரீட்சை என்று கேட்டாய். ஏப்ரல் 10-ம் தேதியே பாஸ்டனில் இறக்கிவிட்டார்கள். பையனுக்கு வயது இருபது. நீ லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அப்புறம் நடந்தது என்ன? பத்து ஆட்டம், மட்டை பிடிக்க 34 வாய்ப்பு, 2 ஹிட், 18 தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். ஏப்ரல் 26-ம் தேதி திரும்பவும் நார்ஃபோக். அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது: "அவசரப்பட்டுப் பையனைக் கெடுத்துட்டாங்க மாமா." ஒரே ஆளைப் பற்றி, இரண்டு மாதம் முடிவதற்குள், ஏன் இவ்வளவு தாமதம், ஏன் இவ்வளவு அவசரம் என்ற இரண்டு கேள்வியும் உன் வாயிலிருந்தே வந்தன. ஜூலை 31-ம் தேதி அவன் திரும்பி வந்த அன்றைக்கே, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அடித்த பந்து மைதானத்தின் வலது பக்கச் சுவரைத் தாண்டி யூட்டா தெருவில் போய் விழுந்தது. உடனே, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாய். எதைச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எத்தனை வாய்ப்பில் எத்தனை ஹிட் என்று நீ அனுப்புகிற ஆவரேஜ் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிரிபிள்-ஏவில் பந்து போடுகிற பிட்சர்கள் யார் என்று யோசித்துப் பார். பாதிப் பேர் மேலே போக வேண்டிய சின்னப் பையன்கள், பந்து எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாது. மீதிப் பேர் மேலே இருந்து இறங்கி வந்தவர்கள், வேகம் போய்விட்டது, புத்தியை வைத்து ஓட்டுகிறார்கள். வேகமும் புத்தியும் ஒரே கையில் சேர்ந்த ஆளை அங்கே எப்போதாவதுதான் பார்ப்பாய். மேஜர் லீகில் அப்படிப்பட்டவர்கள்தான் ராத்திரிக்கு ராத்திரி வருவார்கள். அதுபோக, மேலே உள்ள அணிகள் உன் ஒவ்வொரு ஸ்விங்கையும் வீடியோவில் பிரித்து மேய்ந்துவிடும். உயரமான ஃபாஸ்ட் பாலுக்கு நீ தடுமாறுகிறாய் என்று ஒருவன் கண்டுபிடித்தால் போதும், அடுத்த ஊரில் அதேதான் காத்திருக்கும். இன்னொரு சின்ன விஷயம். அந்த வருஷங்களில் டிரிபிள்-ஏவில் ஸ்ட்ரைக் சோனை (அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் ஆகிற எல்லையை) மெஷின் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேஜர் லீகில் அம்பயரின் கண்தான். கீழே அடிக்காமல் விட்டபோது 'பால்' (எல்லைக்கு வெளியே போன பந்து) என்று வந்தது, மேலே ஸ்ட்ரைக் ஆனது. கண்ணையே மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்டில் போவியில் டபுள்-ஏ (டிரிபிள்-ஏவுக்கு ஒரு படி கீழே) ஆட்டம் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளுக்கு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த மைதானம். நீ ஹாட் டாக் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மட்டைக்காரர் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கவுட்டுகள், அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள். மடியில் நோட்டு, கையில் வேகம் அளக்கிற ரேடார் துப்பாக்கி. எனக்கு முன் வரிசையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும், வெயில் தொப்பியின் விளிம்பு நைந்து போயிருந்தது. வெளியூர் அணிப் பையன் ஒருவன் ஸ்லைடருக்கு (பக்கவாட்டில் விலகுகிற பந்து) மூன்று முறை காற்றில் வீசிவிட்டு அவுட்டானான். எல்லோரும் பிட்சரைப் பார்த்துக் கைதட்டினோம். இவர் மட்டும் பையன் ஆட்டக்காரர்கள் உட்காருகிற டக்அவுட்டுக்குள் போய், ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டி, மட்டையை அதன் இடத்தில் வைத்து, பக்கத்தில் இருந்தவனிடம் கையை ஆட்டி ஏதோ கேட்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நோட்டில் ஒரு வரி. இரண்டு இன்னிங்ஸ் கழித்து அதே பையன், அதே பிட்சர், அதே ஸ்லைடர். இந்தத் தடவை மட்டை அசையவில்லை. அடுத்ததற்கும் அசையவில்லை. நாலு பால் வாங்கிக்கொண்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனான். அங்கே யாரும் கைதட்டவில்லை, இவர் அரைப் பக்கம் எழுதினார். நீ ஹாட் டாக்கோடு வந்து, "என்ன மாமா, ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்டாய். உன் சந்தேகம் தப்பில்லை. மேஜர் லீகில் ஒரு சீசன் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருஷம் சர்வீஸ். அப்படி ஆறு வருஷம் ஆனால் ஆட்டக்காரர் சுதந்திரப் பறவை, யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். ஆக, ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் கீழே உட்கார வைத்தால் கிளப்புக்கு ஏழாவது வருஷம் இனாம். வேலையை நிரந்தரமாக்காமல் இருக்க, 480 நாள் முடிவதற்குள் பிரேக் கொடுத்து அனுப்புகிற கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன!

2015-ல் சிகாகோ கப்ஸ் இதைப் பட்டவர்த்தனமாகச் செய்தது. கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்திருந்தார். ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி ஐயோவாவில் உள்ள டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17-ம் தேதி கூப்பிட்டார்கள். ஏழே ஆட்டத்தில் ஃபீல்டிங் தேறிவிட்டது பார். வருஷக் கடைசியில் எண்ணினால் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான், அடுத்த வருஷம் எம்விபி (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), கப்ஸுக்கு வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதிப் போட்டி) கோப்பையும் வந்தது. அந்த ஒரு நாளுக்காகப் பிரையன்ட் தரப்பு கிளப்பிய பஞ்சாயத்து 2020 வரை இழுத்து, கடைசியில் கிளப் பக்கமே தீர்ப்பானது. கீழே வைத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் பையனுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்: 2024-ல் மேஜர் லீகில் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 7,40,000 டாலர், டிரிபிள்-ஏவில் சுமார் 36,000. 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் கொஞ்சம் சரி செய்திருக்கிறார்கள். சிறந்த புதுமுகத்துக்கான ஓட்டில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருஷம் கிடைத்துவிடும். 2024 மே மாதம்தான் வந்த பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் இங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மரினர்ஸின் தலைவர் கெவின் மேத்தர், ரோட்டரி கிளப் கூட்டம் ஒன்றில் வீடியோவில் பேசும்போது, ஜாரெட் கெலனிக் போன்ற பையன்களை இந்தச் சர்வீஸ் கணக்குக்காகக் கீழே வைத்திருக்கும் கிளப் ரகசியத்தை அப்படியே கொட்டிவிட்டார். ஊரே திட்டியது, வேலையும் போனது. மே மாதம் கெலனிக்கைக் கூப்பிட்டார்கள். பையன் தொடர்ந்து 39 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லாமல் திண்டாடி, ஜூனில் திரும்பக் கீழே போனான். அந்த வருஷ ஆவரேஜ் .181, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 181 ஹிட் என்ற கணக்கு. பையன் இன்னும் தேறவில்லை என்று சொன்ன காரணம் சாக்குதான், ஆனால் சாக்கு உண்மையாகவும் இருந்து தொலைத்தது! 2023-ல் ஒரு ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பிறகு டக்அவுட்டில் தண்ணீர் கூலரை உதைத்து அவன் காலை உடைத்துக்கொண்ட செய்தி வந்தபோது எனக்குப் போவியில் பார்த்த அந்தத் தொப்பிக்காரர்தான் ஞாபகம் வந்தார்.

நீ எப்போதும் கேட்பாய், "அப்போ தயார்னு எப்படித்தான் மாமா கண்டுபிடிக்கிறது?" இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல கதை 1951-ல் நியூயார்க்கில் நடந்தது.

வில்லி மேஸுக்கு அப்போதுதான் இருபது முடிந்திருந்தது. மினியாபொலிஸ் மைனர் லீக் அணியில் 35 ஆட்டத்தில் .477 அடித்துக்கொண்டிருந்தார். மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மேனேஜர் லியோ டுரோச்சர் மேலே வா என்று கூப்பிட்டபோது, தன்னால் மேஜர் லீக் பிட்சர்களை அடிக்க முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார் மேஸ். .477 அடிக்கிறவன் சொல்கிறான், நான் தயார் இல்லை என்று! டுரோச்சர் விடவில்லை. வந்தார். முதல் 12 வாய்ப்பிலும் சைபர். அப்புறம் பேர்போன பிட்சர் வாரன் ஸ்பான் பந்தில் ஒரு ஹோம் ரன். அப்புறம் மறுபடி சைபர், மொத்தம் 26 வாய்ப்பில் ஒரே ஹிட். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே, என்னைக் கீழே அனுப்பிவிடுங்கள் என்றார். நான் இங்கே மேனேஜராக இருக்கிறவரை சென்டர் ஃபீல்டில் நீதான் என்று டுரோச்சர் சொன்னார். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் மேஸ்.

அதே வருஷம், அதே ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாங்கீஸில் மிக்கி மேன்டில். வயது 19. ஜூலையில் அவரைக் கான்சாஸ் சிட்டி மைனர் லீக் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் மட்டையில் பந்து படவில்லை. இனி என்னால் முடியாது என்று அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா மட் மேன்டில் ஓக்லஹோமாவில் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காரை எடுத்துக்கொண்டு நேராக ஹோட்டலுக்கு வந்தார். ஆறுதல் ஒரு வார்த்தை இல்லை. பையனின் துணிமணியை எடுத்துப் பெட்டியில் திணித்தார். ஆம்பளையை வளர்த்தேன் என்று நினைத்தேன், கோழையை வளர்த்திருக்கிறேன், வா, ஊருக்கு வந்து சுரங்கத்தில் இறங்கு என்கிற பாணியில் பேசினார் என்று மேன்டிலே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். மேன்டில் போகவில்லை. அங்கே 40 ஆட்டத்தில் .361 அடித்து, ஆகஸ்டில் நியூயார்க் திரும்பினார். (அந்த அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸில் மேஸ் அடித்த பந்தைத் துரத்தப் போய்த்தான் மேன்டில் காலை வடிகால் மூடியில் மாட்டி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அது தனிக் கதை.)

ஒருவரைக் கீழே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள், இன்னொருவரை அனுப்பினார்கள். இரண்டும் சரியாகப் போயிற்று. மே மாதத்திலோ ஜூலையிலோ இவர்களில் யார் தயார் என்று நீயும் நானும் புள்ளிவிவரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியுமா? ஒருவர் விழுந்தபோது பக்கத்தில் டுரோச்சர் இருந்தார். இன்னொருவருக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி அப்பா. அதனால் யார் எப்போது மேலே போகிறான் என்பதைவிட, போய் விழுகிற அந்த மூன்று வாரத்துக்குக் கிளப் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

அந்த ஏற்பாடே இல்லாமல் போனவர் டேவிட் கிளைட். 1973-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த பள்ளிக்கூடப் பையன். பள்ளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 27-ம் தேதி மேஜர் லீகில் பந்து போட்டான். டிக்கெட் விற்காமல் தவித்த கிளப், அன்றைக்கு ஆர்லிங்டன் மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு பேரை நடக்க விட்டு, அடுத்த மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஜெயித்தும் விட்டான். இரண்டு ஆட்டம் ஆடவிட்டு மைனர் லீகுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. கூட்டம் வந்ததும் முதலாளி பேச்சை மறந்துவிட்டார். 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979-ல் அந்தப் பையனின் மேஜர் லீக் கதை முடிந்தது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

ஆனால் சீக்கிரம் கூப்பிட்டால் கெட்டுப்போவான் என்றும் சட்டம் போட முடியாது. மைக் ட்ரவுட் 2011-ல் 19 வயதில் வந்து 40 ஆட்டத்தில் .220 தான் அடித்தார். அடுத்த ஏப்ரலில் மறுபடி வந்து, 30 ஹோம் ரன், 49 திருட்டு பேஸ் (பிட்சர் அசந்த நேரத்தில் ஓடிப் பிடித்தவை), சிறந்த புதுமுகம் ஓட்டில் எதிர் ஓட்டே இல்லை. அந்த 40 ஆட்டம் வீணா, முதலீடா? அப்புறம், பெயரைப் பார்த்ததும் நீ துள்ளிக் குதித்தாயே, அம்மா வழியில் இந்திய ரத்தம் உள்ள குமார் ராக்கர், அவர் டிராஃப்டின் முதல் சுற்றில் இரண்டு தடவை போய், முழங்கை ஆபரேஷன் முடித்து, 2024 செப்டம்பரில்தான் மேலே வந்தார். அவசரப்பட நீயும் நானும் யார்?

ஆகவே, நீ சொல்கிற பையன் தயாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிளப்புக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்த மாதிரி பேட்டி கொடுப்பார்கள், அதில் பாதி காலண்டர் பேசும்.

வருகிற சனிக்கிழமை நார்ஃபோக்கில் ஆட்டம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவோம், அந்தப் பாலச் சுரங்கத்துக்கு முன்னால் மாட்டினால் இரண்டு இன்னிங்ஸ் போய்விடும். அத்தை புளியோதரை கட்டித் தருகிறேன் என்றாள், காரிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். டிக்கெட் பிளேட்டுக்குப் பின்னால், நாலாவது வரிசையில் எடுத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. அவன் அவுட்டாகித் திரும்பி வரும்போது போனை எடுத்து எனக்கு ஆவரேஜ் காட்டாதே. டக்அவுட் படி இறங்கி மட்டையை எங்கே வைக்கிறான் என்று பார்த்துச் சொல். எனக்குத் தூரப் பார்வை முன்னைப் போல இல்லை.

இப்படிக்கு,
மாமா