லைனில் இருக்கிறாயா, மாப்ளே?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உறையில் இன்னமும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே எழுதியிருக்கிறாய். அதை 1989-லேயே இரண்டாகப் பிரித்தாயிற்று. நம் பக்கம் மிச்சமிருந்ததை 2019-ல் மூன்றாக்கிவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் தபால்காரப் பையன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். இருந்தாலும் நீ மாற்ற வேண்டாம். அந்தப் பெயரைப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

முட்டி வலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

‘ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம், இங்கிலீஷ் மாதிரி வருமா’ என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் போன வாரம் ஒரு கரண்ட் கம்பத்தடியில் கிடைத்தது. சாயங்காலம் திடீரென்று காற்றும் மழையும். தெருவே இருட்டு. லைன்மேன் வந்தார், ஏணியைச் சாய்த்தார், கீழேயே நின்றார். “ஏறலையா?” என்றேன். “லைன் கிளியர் வரட்டும் சார்” என்றார்.

காட்பாடி ஸ்டேஷனைச் சுற்றியே வளர்ந்த நமக்கு லைன் கிளியர் என்றால் என்ன? அடுத்த ஸ்டேஷன் வரை தண்டவாளம் காலி, வண்டி வரலாம். அவருக்கு அது நேர்மாறு. கம்பியில் கரண்ட் வராது, ஆள் ஏறலாம். ரயிலில் வரலாம் என்பதற்கு இருக்கிற வார்த்தை கம்பத்தில் வரவே கூடாது என்பதற்கும் இருக்கிறது. ரயில்காரரும் கரண்ட்காரரும் வேலையை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

அன்றிலிருந்து இந்த லைன் என்னை விடவில்லை. மறுநாள் எதிர் வீட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். ஃபைனான்ஸ் வசூலுக்குப் போகிறவன். பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. “தம்பி, லைன்ல இருக்கியா?” என்றேன். “ஆமா அங்கிள், லைன்லதான் இருக்கேன், சேண்பாக்கம் முடிச்சிட்டு வரேன்” என்றான். வசூலுக்குச் சுற்றுகிற தெருக்கள்தான் அவனுக்கு லைன். நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறு. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு சரியாகவே முடிந்தது!

அப்புறம் பேத்தி. எட்டாவது படிக்கிறாள். லைனை வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். முகத்துச் சுருக்கம், தூண்டில் கயிறு, நாடகக்காரர் மனப்பாடம் செய்கிற வசனம், விமானக் கம்பெனி என்று ஆங்கிலேயன் எதையெல்லாம் லைன் என்கிறான் என்று அடுக்கினேன். கடிதம் போடு என்பதற்குக்கூட ஒரு லைன் போடு என்பானாம். நாமும் ‘ரெண்டு வரி எழுதிப் போடு’ என்றுதானே சொல்கிறோம்? அவள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள். டெட்லைன் ஏழு மணியாம், டியூஷன் இருக்கிறதாம். அந்த டெட்லைன் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல், ஆண்டர்சன்வில் சிறை முகாமில் ஓர் எல்லை போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் சுட்டுவிடுவார்கள். டியூஷனுக்குப் போகிற பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை.

அகராதியைப் புரட்டினால் எல்லாம் ஒரு நூலில் போய் முடிகிறது. நிஜமாகவே நூல்தான். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி, லினன் துணிக்கு நார் தருகிற செடி. அந்த நாரில் திரித்த நூல் லினியா. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு, அதுவே லைன். உன் தங்கச்சி ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்கத் தையல்காரர் தனியாகக் காசு கேட்கிறாரே, அதுவும் இதே குடும்பம். முன்பு துணிக்கு உள்பக்கம் லினனை வைத்துத் தைத்ததால் வந்த பெயர்.

இதைப் படித்ததும் உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, மாப்ளே. பட்டறையில் பலகை மேல் சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி ‘டப்’ என்று விடுவார். பலகையில் கோடு விழுந்திருக்கும். கதவு பிடித்தால் “ரெண்டு நூல் சீவு” என்பார். அவர் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இங்கிலீஷ்காரனிடமும் லைன் என்று ஓர் அளவு இருந்தது, அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவனும் நூலை அளவாக்கினான், நாமும் ஆக்கினோம். நம் ஆள் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

நாம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புத்தகத்தையும் நூல் என்றோம். மரத்தின் கோணலை நூல் தீர்ப்பது மாதிரி மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூலில் வருகிறதே, அதை எழுதியவர் தச்சுப் பட்டறையில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வரியையும் எடுத்துக்கொள். புலி மேல் இருப்பதும் வரி, நான் எழுதுவதும் வரி, வீட்டுக்குக் கட்டுவதும் வரி. காலேஜில் பசங்கள் ‘லைன் போடுறான்’ என்பதற்கு முன்னால் ‘நூல் விடுறான்’ என்று ஒன்று இருந்தது. தோட்டப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நீ விட்ட நூல் எந்தப் பலகையிலும் கோடு போடவில்லை என்பது வேறு கதை.

அதனால் இங்கிலீஷ் மாதிரி வருமா என்றால், தாராளமாக வரும். ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களுக்கு எல்லா லைனும் ஒரே நூல் கண்டிலிருந்து பிரிந்தவை. நமக்கு அப்படி வரவில்லை. ரயில்காரர் ஒரு லைனைக் கொண்டுவந்தார், கரண்ட்காரர் ஒன்று, வசூல்காரர் ஒன்று. ஒன்றுக்கொன்று பழக்கமே கிடையாது, லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருக்கிற புதியவர்கள் மாதிரி. (இலங்கை மலையகத் தோட்டங்களில் அந்த லைன் வீடே ‘லயம்’ ஆகிவிட்டது. சங்கீதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) தென்னிந்தியாவின் முதல் ரயில் லைன் 1856-ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைதான் போட்டார்கள். இந்த வார்த்தையும் அந்த வண்டியிலேயே வந்து இறங்கியிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், அதையும் குறித்துக்கொள்.

சரி, அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சேலத்தில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டியதும் ஒரு போன் போடு, காட்பாடிக்கு வந்துவிடுகிறேன். அப்பாவின் உளிப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அந்தச் சாய நூல் உருண்டை அதில் கிடந்தால் எடுத்து வா. பேத்திக்கு ஒரு தடவை ‘டப்’ என்று விட்டுக் காட்ட வேண்டும். பலகை நான் பார்த்து வைக்கிறேன்.

உன் மச்சான்