உரப்பைக்குள் உருளைக்கிழங்கு

அன்புள்ள மகன் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். போனில் உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்டாய். பேரப்பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பாதியும் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

கார்த்திகை மழைக்குள் கறிக்கு வாங்கிய கிழங்கில் ஐந்தாறு முளைத்துவிட்டது. எறிய மனம் வரவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன். "விசுவமடுவில் உருளைக்கிழங்கோ? இலைதான் வரும்" என்று சொல்லிவிட்டு மாடு கட்டப் போய்விட்டார். சொன்னதும் பொய்யில்லை. இரவு குளிர்ந்தால்தான் கிழங்கு கட்டும். வெக்கையில் செடி மட்டும் மதமதவென்று வளரும். எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழியும் தையும்தானே.

1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வரும்வரை அப்பாவுக்கு உருளைக்கிழங்குதான் தொழில். வெளிநாட்டுக் கிழங்கு வராத 1970களில் உன் அப்பப்பா வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு விற்றுத்தான் உரும்பிராயில் கல்வீடு கட்டினார். வன்னிக்கு, இந்த விசுவமடுவுக்கு வந்தபிறகு அப்பா நெல், கச்சான், உழுந்து எல்லாம் போட்டார். உருளைக்கிழங்கை மட்டும் தொடவில்லை.

சரி, நானே ஆறு உரப்பையில் வெட்டிப் புதைத்தேன். விடியப் பார்த்தால் அத்தனையையும் கிளறி எடுத்து, வெட்டின பக்கம் அடுப்புச் சாம்பல் பூசித் திண்ணையில் பரப்பியிருக்கிறார்! வெட்டுக் காயாமல் வைத்தால் அழுகிவிடுமாம். இரண்டு நாள் கழித்து நட்டதும் அவர்தான். பையில் அரைவாசிக்குத்தான் மண். தண்டு ஒரு சாண் எழும்ப எழும்ப மண்ணும் மாட்டெருவும் போட்டு அணைத்தார். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், அதைத் தின்னக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லிவை.

தையில் மூன்று நாள் மழை. ஒரு பையில் இலை கறுத்து வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செடியோடு பிடுங்கி எரித்துவிட்டார், மற்றதுக்குத் தொற்றுமாம். இரவில் முள்ளம்பன்றி வரும் என்று ரோச்சோடு எழும்பிப் போவார். ஐந்து பைக்கு இவ்வளவு காவல்!

மாசிக் கடைசியில் இலை மஞ்சளாகத் தொடங்க, எனக்குப் பொறுக்கவில்லை. சாக்கை விரித்துப் பையைக் கவிழ்த்தேன். 1 கிலோ 700 கிராம். பெரியது கோழிமுட்டை அளவு, சின்னது நெல்லிக்காய். பெருவிரலால் தேய்த்தாலே தோல் கழன்றது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் தோல் இறுகியிருக்கும் என்று இப்போதும் புறுபுறுக்கிறார். ஆனால் பால்கறி வைத்தபோது பிட்டு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

ரொறன்ரோவில் பனி விட்டபிறகுதானே நடுவாய்? வீட்டுப் பின்பக்கம் எந்தத் திசை, எத்தனை மணிவரை வெயில் விழும் என்று அப்பா கேட்கிறார். மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா