இலை நரம்பு விலகிய இடம்

அன்புள்ள மகளுக்கு,

நீ செதுக்கிய மரப்பெட்டி மூடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் நடுநரம்பு அழகாக வந்திருக்கிறது. கிளைநரம்புகள்தான் முடியும் இடத்தில் வலப்பக்கம் விலகியிருக்கின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகளவு கருகல் தெரிகிறது. கை நடுங்குவதாக எழுதியிருந்தாய். உன் கையில் குறையில்லை. நீ சுழல் கருவியை அழுத்துகிறாய்.

உளியில் வெட்டுவது கையின் பலம். நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை ஓடும் இந்தச் சுழல் கருவியில் வெட்டுவது வேகம். அழுத்தினால் மோட்டார் திணறிச் சுற்று குறைகிறது, முனையில் மாட்டும் வெட்டுத் தண்டான பிட்டின் பற்கள் மரத்தைச் சீவாமல் உரசுகின்றன, அந்தச் சூட்டில்தான் மரம் கருகுகிறது. அதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும்: சீரான ரீங்காரம் சற்றே தாழ்ந்தால், அந்தக் கணமே கையைத் தளர்த்து. ஆழம் வேண்டுமென்றால் ஒரே கோட்டின் மேல் மூன்று நான்கு முறை மெல்ல ஓட்டு. நுனியில் நின்றுவிட்டுத் தூக்காதே, நகர்ந்துகொண்டே தூக்கு.

வலப்பக்கம் விலகியதற்கும் காரணம் உண்டு. பிட் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையில் சுழல்வதால், உன்னை நோக்கி இழுக்கும்போது அது வலப்பக்கமும், விலக்கித் தள்ளும்போது இடப்பக்கமும் நழுவப் பார்க்கும். கருவியைப் பென்சில்போல் மூக்கருகே பிடித்து, காற்றுத் துளைகளை மூடாமல், சுண்டுவிரலை மரத்தின் மேல் ஊன்றிக்கொண்டால் அந்த இழுப்பை விரலே தாங்கிவிடும். மூடியைக் கையில் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்கு. பிட்டின் தண்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்கு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் முனை அதிரும்; கூடியவரை உள்ளே தள்ளி இறுக்கு. நீண்ட நேர வேலைக்கு, மோட்டாரின் சுழற்சியைத் தனிக் கைப்பிடிக்குக் கொண்டுசெல்லும் வளையும் தண்டு ஒன்று வாங்கிக்கொள், எடை மணிக்கட்டில் ஏறாது. பிளாஸ்டிக்கில் செதுக்குவதானால் வேகத்தைக் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் அது உருகிப் பிட்டில் ஒட்டும்.

இதே கருவியில் அறுப்பதற்கு மாட்டும் மெல்லிய வெட்டு வட்டைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது நேராக மட்டுமே வெட்டும். பக்கவாட்டில் சிறிது வளைத்தாலும் உடைந்து தெறிக்கும். ஒருமுறை நான் ஒரு கம்பியை அறுக்கும்போது அவசரத்தில் மணிக்கட்டைத் திருப்பிவிட்டேன். வட்டின் ஒரு துண்டு என் பாதுகாப்புக் கண்ணாடியில் விழுப்புண்போல் ஒரு கீறல் போட்டது, சரியாகக் கருவிழிக்கு நேரே. அந்தக் கண்ணாடியை இன்றும் பட்டறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். ஆகவே கண்ணாடியும் தூசிக்கு முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. கூந்தலை முடிந்துகொள், தளர்ந்த கையுறை வேண்டாம், அது சுற்றிக்கொள்ளும்.

இந்த வாரம் மூடியைத் தொடாமல், ஒரு கழிவுத் துண்டில் உன்னை நோக்கிப் பத்துக் கோடுகளும் விலக்கிப் பத்துக் கோடுகளும் போட்டுப் பார். படத்தோடு கருவி ஓடும் ஓசையையும் பதிவு செய்து அனுப்பு. எந்தக் கோட்டில் அழுத்தினாய் என்று கேட்டே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா